அக்கரைக்கு எத்தனை மணி நேரம்

சிப்பாங்கில் இருக்கும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் நேர்வழியில் ஏறத்தாழ 2,630 கிலோமீட்டர். திருச்சிக்கு இன்னும் 60 கிலோமீட்டர் கூடுதல். இரண்டுக்கும் பயணம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று முன்பின் என்று கால அட்டவணை சொல்கிறது. இந்த நான்கு மணி நேரத்தை வைத்து மலேசியத் தமிழரின் வரலாற்றைச் சொல்வது நமக்குப் பழகிவிட்டது. பாட்டன் கப்பலில் ஒரு வாரம் வந்தான், பேரன் விமானத்தில் நான்கு மணி நேரத்தில் போகிறான், அக்கரை பக்கத்தில் வந்துவிட்டது என்பார்கள். மேடையில் கைதட்டு வாங்கும் பேச்சுதான். ஆனால் ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. பயண நேரம் மளமளவென்று குறைந்த முப்பது நாற்பது ஆண்டுகளில்தான் இரு கரைகளுக்கும் இடையிலான போக்குவரத்து வற்றியது. அது மறுபடி பெருகியபோது விமானம் ஒரு நிமிடம்கூட வேகம் கூடியிருக்கவில்லை. ஆகவே நேரத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. வழியைத் திறந்தும் மூடியும் வைத்தவை குடிநுழைவுச் சட்டம், பயணக் கட்டணம், எந்த ஊரில் இறங்கலாம் என்ற அரசாங்க ஒப்பந்தம் ஆகிய மூன்றும்தான் என்பது என் வாதம்.

இதைச் சோதித்துப் பார்க்கக் கம்போங் மேடான் நல்ல இடம். பெட்டாலிங் ஜெயாவின் தெற்கு ஓரத்தில், பழைய கிள்ளான் சாலையை ஒட்டிக் கிடக்கும் பகுதி அது. 2001 மார்ச்சில் நடந்த இனக் கலவரத்தால் நாடு முழுக்கத் தெரிந்த பெயர். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அங்கே வாழ்க்கை இருந்தது. தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறியபோது இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல இந்த வட்டாரத்துப் புறம்போக்குக் குடியிருப்புகளில்தான் ஒதுங்கின. பெட்டாலிங் ஜெயாவே 1950களின் தொடக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தை அழித்து எழுப்பிய நகரம். வரைபடத்தை விரித்தால் கம்போங் மேடானைச் சுற்றி நான்கு வாசல்கள் தெரியும். மேற்கே முப்பது கிலோமீட்டருக்குள் 1901இல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம். 1972 முதல் அதன் பெயர் போர்ட் கிள்ளான். கிழக்கே எட்டு கிலோமீட்டர் அளவில் சுங்கை பீசி, கோலாலம்பூரின் முதல் விமான நிலையம். வடமேற்கே பன்னிரண்டு கிலோமீட்டரில் 1965இல் திறந்த சுபாங். தெற்கே நேர்க்கோட்டில் நாற்பதுக்கு நெருக்கமாக, 1998 ஜூனில் திறந்த சிப்பாங். ஒவ்வொரு காலத்தின் வாசலும் இந்த இடத்துக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது. எந்த வாசலில் யார் நுழைந்தார்கள், யாரை விட்டார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கப்பலில் தொடங்குவோம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ 1,260 கடல் மைல். மணிக்கு 12 கடல் மைல் ஓடும் நீராவிக் கப்பலுக்கு அது நாலரை நாள் வேலை. சென்னையில் ஏற்றி, நாகையில் நின்று, பினாங்கில் இறக்கி, போர்ட் சுவெட்டன்ஹாமைத் தொட்டுச் சிங்கப்பூர் போய்ச் சேர ஒரு வாரம் பிடிக்கும். 1926இல் கிளாஸ்கோவில் கட்டி முடித்த ‘ரஜுலா’ இந்தத் தடத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரம் தட்டுப் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு அனுமதி இருந்தது. நாகையில் கப்பல் கரையை அணைவதில்லை. ஆழம் போதாமல் கடலில் தள்ளி நங்கூரம் பாய்ச்சும். மூட்டை முடிச்சோடு படகில் போய், அலையில் எழும்பித் தாழும் படகிலிருந்து கப்பலுக்குத் தாவ வேண்டும். தட்டுப் பயணி என்றால் அறை கிடையாது. விரித்த பாயின் அகலம்தான் அவன் இடம். கூலிக்கு ஆள் எடுத்துப் போகும்போது இந்த ஒரு வாரத்துக்கு முன்னும் பின்னும் வேறு நாட்கள் ஒட்டிக்கொள்ளும். நாகையிலோ ஆவடியிலோ முகாமில் தங்கி அம்மை குத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். அக்கரையில் இறங்கியதும் கொரண்டைன் முகாம். அதைத் தாண்டிய பிறகுதான் தோட்டத்து லயம்.

இவ்வளவு தொல்லை பிடித்த வழியில் எத்தனை பேர் போய் வந்தார்கள்? மலாயா இந்தியரின் குடிப்பெயர்வை விரிவாக ஆராய்ந்த கெர்னியல் சிங் சந்துவின் கணக்குப்படி, 1786 முதல் 1957 வரை மலாயாவுக்குள் வந்த இந்தியர் 40 லட்சத்துக்கு மேல். அதே காலத்தில் திரும்பிப் போனவர்கள் 30 லட்சத்தை நெருங்கினார்கள். பெரும்பான்மையினர் தமிழர். வந்த பத்துப் பேருக்கு ஏழு பேர் போல் திரும்பியிருக்கிறார்கள். ஒருவரே பலமுறை வந்து போனதும் இதில் அடக்கம். ஒரு வாரக் கடலை இவர்கள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்று சொல்லிவிடத் தோன்றும். தஞ்சைக் கழனியில் வேலை இல்லாத மாதங்களுக்கும் கிள்ளான் வட்டாரத்துப் பால்மரக் காட்டுக்கும் இடையில் ஓடிய போக்குவரத்து இது. நாகப்பட்டினம் தஞ்சை மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது, ரயிலும் அங்கே வந்து நின்றது. கப்பல் ஏறும் இடம் ஊருக்குப் பக்கத்தில் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் இது பெரிய விஷயமாகப் போகிறது.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு நியாயமாகவே கேட்பார்: திரும்பிப் போனதெல்லாம் விரும்பிப் போனதா? இல்லை. 1930இல் ரப்பர் விலை விழுந்தபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை மூன்றே ஆண்டுகளில் கப்பலேற்றி அனுப்பினார்கள். தேவைப்பட்டால் மறுபடி வரவழைக்கலாம் என்ற தைரியம்தான். 1907இல் ஏற்படுத்திய குடியேற்ற நிதியிலிருந்து கூலிகளுக்கு இலவசக் கப்பல் பயணம் கொடுத்ததும் இதே கணக்கில்தான். ஒரு வாரத் தூரம் என்பது தோட்ட முதலாளிக்குக் கச்சிதமான தூரம். ஆள் வேண்டும்போது எட்டும், வேண்டாதபோது கண்ணில் படாது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதனை அந்த ஆண்டு மே மாதம் கைதுசெய்து இந்தியாவுக்கே நாடுகடத்தினார்கள். அதே கடல் வழி கூலிக்கு வேலைக்கான பாதையாகவும் தலைவனுக்குத் தண்டனையாகவும் இருந்திருக்கிறது. ஆகவே கப்பல் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தப் போக்குவரத்தின் அளவைத் தீர்மானித்தது கப்பலின் வேகம் அல்ல, பயணச் செலவை ஏற்றவர்களின் தேவை. 1938இல் கூலிக் குறைப்பைக் காரணம் காட்டி இந்திய அரசாங்கம் உதவி பெற்ற கூலிகளின் குடிப்பெயர்வைத் தடைசெய்தபோது, ரஜுலாவின் எந்திரத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் அந்த வழியாக வந்த கூட்டம் நின்றுவிட்டது.

அதன் பிறகு நடந்தவையும் இதையே சொல்கின்றன. 1942 ஜனவரியில் கோலாலம்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் மூன்றரை ஆண்டுக்கு அக்கரையே இல்லாமல் போனது. கடிதமும் கிடையாது. போர் முடிந்து கப்பல்கள் மறுபடி ஓடின. 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், தொழில்திறன் உள்ளவர்களையும் ஏற்கெனவே இங்கே இருப்பவர்களின் நெருங்கிய குடும்பத்தாரையும் தவிர மற்றவர்களுக்குக் கதவைப் பெரும்பாலும் சாத்திவிட்டது. அதற்கு முன் பிரிட்டிஷ் குடிகள் என்ற ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள், இப்போது இரண்டு நாடுகளின் அந்நியர்கள். 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு வேலை அனுமதிச் சட்டத்தைக் கடுமையாக்கியபோது, குடியுரிமை எடுக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டங்களில் இருந்தவர்களில் ஏறத்தாழ 60,000 பேர் இந்தியா திரும்பினார்கள். பிறந்த பிள்ளைகளை இங்கே விட்டுப் பெற்றோர் போனதும், கணவன் போய் மனைவி நின்றதும் அப்போது தோட்டப்புறத்தில் சாதாரணமாக நடந்தது. அது நடந்த ஆண்டுகளில் ஜெட் விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

விமானத்தின் கதை இதற்கு இணையாக ஓடுகிறது, ஆனால் வேறு ஆட்களோடு. 1930களின் நடுவில் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியா போன தபால் விமானங்கள் கல்கத்தா, ரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார், சிங்கப்பூர் என்று கரையைத் தொட்டுத் தொட்டுத்தான் பறந்தன. வங்காள விரிகுடாவை நடுவில் கடப்பது அன்றைய எந்திரங்களுக்கு ஆபத்தான காரியம். 1932இல் டாடாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு வந்துவிட்டது. ஆனால் சென்னையிலிருந்து மலாயாவுக்கு நேர்வழி கிடையாது. வானில் போக நினைத்தவர் வடக்கே கல்கத்தா போய், பர்மாவைச் சுற்றித்தான் வர வேண்டும். அன்றைக்கு இரு கரைகளையும் நேராக இணைத்தது ரஜுலாதான். போருக்குப் பிறகு நான்கு எந்திர விமானங்கள் கடலைத் தயக்கமின்றிக் கடந்தன. 1954இல் ஏர் இந்தியா சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களைக் கொண்டு சிங்கப்பூர் வரை பறந்தது. மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் அளவில் பறந்த அந்த விமானத்தின் வேகத்தில் சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடைப்பட்ட தூரம் ஐந்தரை மணி நேரத்தில் முடியும். அடுத்து வந்த போயிங் 707 மணிக்கு 900 கிலோமீட்டரைத் தொட்டது. சுங்கை பீசியின் ஓடுபாதை இத்தகைய ஜெட்டுகளுக்குப் போதாது என்பதால்தான் சுபாங்கைக் கட்டினார்கள். 3,780 மீட்டர் நீளமுள்ள அதன் ஓடுபாதை அந்த நாளில் தென்கிழக்கு ஆசியாவிலேயே நீளமானது. 1965 ஆகஸ்டு முடிவில் சுபாங் திறந்த அன்றே, இன்றைய நான்கு மணி நேரம் கைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். அதற்குப் பிறகு வந்தது எதுவும் வேகத்தைக் கூட்டவில்லை. இப்போது இத்தடத்தில் ஓடும் ஏர்பஸ் 320, போயிங் 737 இரண்டும் பழைய 707ஐவிடச் சற்று மெதுவானவையே. எரிபொருளை மிச்சம் பிடிக்க அப்படித்தான் பறக்கின்றன.

வேகமாகப் போக இயலாமல் அல்ல. கன்கார்டு 1977 டிசம்பரில் லண்டனிலிருந்து பாஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூர் வந்தது. மூன்று முறை வந்து போனதோடு நின்றது. மலாக்கா நீரிணைக்கு மேல் ஒலியைவிட வேகமாகப் பறக்க மலேசியா ஒத்துக்கொள்ளவில்லை. இந்தியாவும் தன் வானில் அந்த வேகத்தை அனுமதிக்கவில்லை. 1979இல் மறுபடி தொடங்கி, அடுத்த ஆண்டே மூட்டை கட்டியது. வானத்தில்கூட ஒரு பயணம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை எந்திரம் மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்கு நம் வீட்டு வாசலிலேயே நடந்த சாட்சி இது.

கால அட்டவணையில் போட்டிருக்கும் நேரம் எப்படி அமைகிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். விமானம் காற்றில் இருக்கும் நேரம் அல்ல அது. நிற்கும் இடத்தில் சக்கரக்கட்டையை எடுத்ததிலிருந்து, போய் நிற்கும் இடத்தில் கட்டையைப் போடும் வரைக்குமான கணக்கு. சிப்பாங் பரந்த இடம். ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போகவே கால் மணி ஆகிவிடும் நாட்கள் உண்டு. பறக்கும் நேரம் மூன்றே கால் முதல் மூன்றரை மணி. மேலே ஏறிய விமானம் மலாக்கா நீரிணையைக் கடந்து, சுமத்திராவின் வடக்கு முனைக்கும் பெரிய நிக்கோபாருக்கும் நடுவில் புகுந்து விரிகுடாவுக்குள் நுழைகிறது. பழைய கப்பல்கள் பினாங்கிலிருந்து மேற்கே திரும்பிப் புகுந்த கால்வாயும் அதுவே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடாரம் கொண்ட சோழனின் மரக்கலங்களும் ஏறக்குறைய அந்தப் பக்கமாகத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் காற்று மட்டும் தலைகீழ். தென்மேற்குப் பருவ மாதங்களில் கடல் மட்டத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று பாய்மரத்தைக் கிழக்கே தள்ளும். அதே மாதங்களில் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று ஓடுகிறது. கீழே கச்சான், மேலே கொண்டல். மலாயாவிலிருந்து சென்னைக்குப் போகும் விமானத்துக்கு ஜூலை, ஆகஸ்டில் அந்தக் காற்று பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று மிச்சப்படுத்திக் கொடுக்கும். திரும்பும்போது அதைப் பிடுங்கிக்கொள்ளும்.

காற்றைவிடப் பெரிய விளையாட்டைக் கடிகாரம் காட்டுகிறது. சிப்பாங்கில் காலை 9 மணிக்குப் புறப்பட்டால் சென்னையில் 10.30க்கு இறங்கலாம். பயணச்சீட்டைப் பார்த்தால் ஒன்றரை மணி நேரப் பயணம். திரும்பி வரும்போது அதே சீட்டு ஆறரை மணி நேரம் என்று காட்டும். இடையிலுள்ள நேர வித்தியாசம் இரண்டரை மணி. இந்த வித்தியாசம் நெடுங்காலமாக இரண்டு மணியாகத்தான் இருந்தது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளிப் புத்தாண்டைப் பிறக்க வைத்தார்கள். சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டும் என்பது அரசாங்கத்தின் நோக்கம். சிங்கப்பூரும் உடனே பின்பற்றியது. ஒரு சுற்றறிக்கையில் தமிழ்நாட்டின் கடிகாரம் நம்மைவிட்டு இன்னும் அரை மணி விலகிப் போனது. யாரும் அதைத் தூரம் என்று நினைக்கவில்லை. ஆனால் ஊருக்குத் தொலைபேசியில் பேச நேரம் பார்ப்பவர்களுக்கு அது தெரியும்.

இனி, என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய கனமான மறுப்பு ஒன்றுண்டு. போக்குவரத்து வற்றியதற்குச் சட்டமும் கட்டணமும் எதற்குக் காரணமாக வேண்டும்? தலைமுறை மாறிவிட்டது, அவ்வளவுதானே? 1931 கணக்கெடுப்பில் மலாயா இந்தியரில் உள்நாட்டில் பிறந்தவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். 1957இல் அது மூன்றில் இரண்டு பங்கை நெருங்கிவிட்டது. இங்கே பிறந்தவனுக்கு ஊர் என்பது பட்டுக்கோட்டை அல்ல, பந்திங்கோ கிள்ளானோதான். அவன் எதற்காகப் போய் வர வேண்டும்? இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது, அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் உள்நாட்டில் பிறந்தவர் விழுக்காடு உயர்ந்ததே, வெளியிலிருந்து வருவதை முதலில் தடையும் பிறகு போரும் 1953 சட்டமும் நிறுத்திவிட்டதால்தான் வேகம் பிடித்தது. காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிடக் கூடாது. இரண்டாவது, உறவு நைந்துபோனதுதான் முழுக் காரணம் என்றால் நான்காம் தலைமுறையில் போக்குவரத்து மேலும் சுருங்கியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

எண்பதுகளையும் தொண்ணூறுகளையும் கொஞ்சம் பார்ப்போம். ரஜுலா 1973இல் ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் இந்தியக் கப்பல் கழகத்தின் ‘சிதம்பரம்’ ஓடியது. 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் அதில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். அதோடு இத்தடத்தில் பயணிகள் கப்பல் காலம் முடிந்தது. கப்பல் இருந்தவரை, நேரம் இருந்து பணம் இல்லாதவனுக்கு ஒரு வழி இருந்தது. தோட்டத்தில் நாட்கூலி வாங்கியவன் விடுப்பு எடுத்து, தட்டில் பாய் விரித்து, மூட்டை மூட்டையாகச் சாமான் கட்டிப் போய் வர முடிந்தது. 1985க்குப் பிறகு வழி விமானம் மட்டும்தான். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் இருந்த எழுத்தருக்கும் கிள்ளானில் கடை வைத்திருந்தவருக்கும் அது பெரிய கஷ்டம் இல்லை. தோட்டம் விற்கப்பட்டு வெளியே வந்து, கம்போங் மேடான் பக்கம் பலகை வீட்டில் குடியேறி, தொழிற்சாலையில் நாட்சம்பளம் வாங்கியவருக்கு நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் விமானச் சீட்டு என்பது வாழ்நாளில் ஒரு தடவை யோசிக்கும் செலவு. அவரைப் பொறுத்தவரை ஒரு வாரத் தூரம் நான்கு மணியாகக் குறையவில்லை. எட்டாத தூரமாகிவிட்டது.

அதோடு, விமானம் இறக்கிவிட்டது சென்னையில். கப்பல் போல நாகையில் அல்ல. மீனம்பாக்கத்தில் இறங்கிய தஞ்சாவூர்க்காரர் எழும்பூர் போய், இரவு ரயில் பிடித்து, விடியற்காலையில் இறங்கி, அங்கிருந்து பேருந்து மாறித்தான் கிராமத்தைப் பார்க்க முடியும். நான்கு மணி நேரப் பயணத்தின் மேல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். மலேசியத் தமிழரில் பெரும்பகுதியினரின் பூர்வீகம் தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் என்று தமிழகத்தின் நடுவிலும் தெற்கிலும் கிடக்க, வானத்து வாசலை மட்டும் வடகிழக்கு மூலையில் வைத்திருந்தார்கள். நிலநூல் எந்த வகையிலும் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. திருச்சி விமான நிலையம் இருந்தது, அதற்கு ஓடுபாதையும் இருந்தது. நடுத்தர ஜெட்டுக்கு அது போதும். குறுக்கே நின்றது இரு நாடுகளுக்கிடையிலான வான்சேவை ஒப்பந்தம். எந்த நாட்டு நிறுவனம் எந்த நகரத்தில் வாரத்துக்கு எத்தனை முறை இறங்கலாம் என்பதைத் தலைநகரங்களில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அந்தத் தாளில் ஊர் பெயர் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல ஓடுபாதை இருந்தும் பயனில்லை.

அந்தத் தாள் மாறியது 2003இல். ஆசியான் நாடுகளின் விமான நிறுவனங்கள் இந்தியாவின் பெருநகரங்களுக்குத் தினமும் பறக்கலாம், அவை தவிரப் பதினெட்டுச் சுற்றுலா நகரங்களுக்கு எண்ணிக்கை வரம்பின்றிப் பறக்கலாம் என்று இந்திய அரசாங்கம் அறிவித்தது. பதினெட்டில் ஒன்று திருச்சி. சுற்றுலாப் பயணிகளை நினைத்துத் தீட்டிய திட்டத்தில் காவிரிக் கரை ஊர் ஒன்று இடம்பிடித்தது மலேசியத் தமிழருக்கு அடித்த யோகம். 2008 டிசம்பரில் ஏர் ஏசியா கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் பறக்கத் தொடங்கியது. அந்த நிறுவனம் இந்தியாவில் கால் வைத்த முதல் ஊரே திருச்சிதான். பின்னால் வேறு நிறுவனங்களும் சேர்ந்தன. விமானத்தில் உணவு கிடையாது, பெட்டிக்குத் தனிக் காசு. ஆனால் 180 இருக்கையும் நிரம்பின. சென்னையைவிட 60 கிலோமீட்டர் தொலைவு கூடிய ஊர், வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு அளந்தால் அரை நாள் நெருங்கி வந்தது. திருச்சியிலிருந்து தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்குள். காரைக்குடி தொண்ணூறு. 2024 ஜனவரியில் அங்கே புது முனையத்தைத் திறக்க வேண்டியிருந்ததற்கு, கிழக்கே போய் வருபவர்களின் கூட்டமும் ஒரு காரணம்.

திரும்பி வந்தது பழைய உறவா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வேன். பாட்டன் பெயரைச் சொல்லிக் கிராமத்தில் வீடு தேடுபவர்கள் உண்டு, ஆனால் குறைவு. இப்போது போகிறவர்கள் பழனிக்கும் சமயபுரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிறார்கள். மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கவும், கோயிலுக்குச் சிற்பியைப் பேசி முடிக்கவும், கண் அறுவைக்கும் பல் கட்டவும் போகிறார்கள். உறவுக்குப் பதில் யாத்திரையும் கொள்முதலும். இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. ரஜுலாவில் போனவர்களும் சாமான் வாங்கியவர்கள்தான். நாகையில் ஏற்றிய வெங்காய மூட்டைகளோடு சேர்ந்துதான் அந்தக் கப்பல் மலாயாவுக்கு வந்தது. ஒரு தலைமுறைக்கு முன் கைக்கு எட்டாமல் இருந்த ஒன்று இப்போது நாட்சம்பளக்காரருக்கும் எட்டுகிறது என்பதே என் வாதத்துக்குப் போதும். விமானத்தின் வேகம் 1965இல் இருந்ததுதான்.

பயண நேரத்தை இவ்வளவு சிறுமைப்படுத்தலாமா என்று இன்னொருவர் கேட்கக்கூடும். சாவு வீட்டை நினைத்துப் பாருங்கள் என்பார். கப்பல் காலத்தில் தகப்பன் இறந்த தந்தி கிடைத்த மகன் கப்பலேறினால் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போவதே பெரும்பாடு. கொள்ளி வைப்பது நடக்காத கதை. ஒரு பகல், ஓர் இரவுக்குள் எடுத்துவிடும் வழக்கமுள்ள சமூகத்துக்கு ஒரு வாரத்துக்கும் நான்கு மணிக்கும் உள்ள வேறுபாடு உயிர் போகும் வேறுபாடு. ஒப்புக்கொள்கிறேன், இந்த ஒன்றில் வேகம் வேகம்தான். ஆனால் அங்கேயும் விசா என்று ஒன்று நடுவில் நின்றது. கோலாலம்பூரில் விண்ணப்பம் கொடுத்து, வரிசையில் நின்று, நாள் கணக்கில் காத்திருந்தவர்களுக்கு விமானத்தின் நான்கு மணி நேரம் எந்த விதத்திலும் உதவவில்லை. இணையவழி விசா வந்த பிறகுதான் அந்தக் காத்திருப்பு குறைந்தது. இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு 2023 டிசம்பரில் மலேசியா முப்பது நாள் விசா விலக்கு கொடுத்தது. இவை எதிலும் எந்திரத்தின் பங்கு இல்லை.

எஞ்சியிருக்கும் கடைசிச் சான்று இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் உணவகங்களில் நிற்கிறது. ரொட்டி வீசுபவரும் தேநீர் ஆற்றுபவரும் பலர் இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கத்துக்காரர்கள். முடிதிருத்தும் கடையிலும் கோயில் வேலையிலும் அவர்களைப் பார்க்கலாம். வேலை பெர்மிட்டில் வந்தவர்கள். பெர்மிட் ஒரு முதலாளி பெயரில் இருக்கும், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும், அதற்கு வரி உண்டு. வரும்போது முகவரிடம் பட்ட கடன் அடைய வேண்டும். நடுவில் ஊருக்குப் போய் வருவது முதலாளி விடும் விடுப்பைப் பொறுத்தது. அதனால் இரண்டு, மூன்று ஆண்டுகள் பிள்ளை முகத்தைக் கைப்பேசியில் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஒப்பந்தக் கூலி முறையை மலாயாவில் 1910இல் ஒழித்தார்கள். அதற்குப் பின், ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வந்த கங்காணி வழியாக வந்த கூலி, சட்டப்படி ஒரு மாத அறிவிப்புக் கொடுத்துவிட்டுத் தோட்டத்தை விட்டுப் போக முடியும். கடனும் கங்காணியின் பிடியும் அவனை நிறுத்தி வைத்தது வேறு கதை. இன்றைய பெர்மிட்காரருக்கு முதலாளியை மாற்றும் உரிமைகூட எளிதில் இல்லை. இரவு பதினொரு மணிக்கு அவர் தேநீர் கொண்டுவந்து வைக்கும் மேசையில், மறுநாள் காலை விமானத்தில் திருச்சி போகும் குடும்பம் பெட்டி எடை எத்தனை கிலோ என்று பேசிக்கொண்டிருக்கும். அவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன் அவருடைய ஊருக்குப் பக்கத்தில் இறங்கிவிடுவார்கள். அவருக்கு அந்த ஊர் பெர்மிட் முடிய இன்னும் எத்தனை மாதமோ அவ்வளவு தூரம்.